காலில் விழாத காட்சி

திருத்துறைப்பூண்டிக்குத் தெற்கே, ஆறுகளெல்லாம் மெலிந்து கடலைப் பார்த்துப் போகும் கடைமடையில், பனையடிவெளி என்றொரு ஊர். அந்த ஊரில் நடவு என்று பேச்சு வந்தால் கீழத்தெரு அம்சத்தின் பேரும் கூடவே வரும். எந்த வயலுக்கு ஆள் வேண்டும் என்றாலும் அவளிடம் ஒரு வார்த்தை சொன்னால் போதும், மறுநாள் காலையில் பெண்கள் வரப்பில் வந்து நிற்பார்கள். நேரடி விதைப்பு வந்தது, நடவு மெஷின் வந்தது, அப்படியும் அவள் கூட்டிப்போகும் பெண்கள் கொத்துக்கு வேலை குறையவில்லை. சுற்றுவட்டாரத்தில் ஊருக்கு ஒருத்தி இப்படிக் கொத்து சேர்ப்பவள் உண்டு. அவர்களெல்லாம் அம்சத்துக்குப் பழக்கம். ஒரு ஊரில் ஆள் குறைந்தால் இன்னொரு ஊர் அனுப்பும். கூலியை எல்லா ஊரிலும் ஒரே மாதிரி பேசுவார்கள்.

அம்சத்துக்கு வயது ஐம்பதைத் தாண்டிவிட்டது. புருஷன் சாமிதுரைக்கு இரண்டு மா நிலம் சொந்தம். அதோடு தெருப் பெண்கள் சேர்ந்து கோயில் நிலம் கொஞ்சம் குத்தகைக்கு எடுத்து சம்பா போடுகிறார்கள். மகள் அறிவுமதி ஒரத்தநாட்டுக் கல்லூரியில் மாட்டு டாக்டருக்குப் படித்து, இப்போது பக்கத்து ஊர் கால்நடை மருத்துவமனையில் வேலை பார்க்கிறாள். போன வருஷம்தான் கூரை வீட்டைப் பிரித்து, கான்கிரீட் தளம் போட்டு மெத்தை வீடு கட்டினார்கள். சுவருக்கு இளநீலம் அடித்து, வாசலில் 'மரு. சா. அறிவுமதி, கால்நடை மருத்துவர்' என்று பலகை மாட்டினார்கள். சாமிதுரை அதை வாரம் ஒருமுறை ஈரத்துணியால் துடைப்பார்.

அந்த வருஷம் மார்கழி பிறந்த சமயம் ஜாஃபர் சாதிக் வந்தார். முத்துப்பேட்டைக்காரர். சினிமாக்காரர்களுக்கு டெல்டாவில் இடம் பார்த்துக் கொடுப்பதுதான் அவர் தொழில். தெருவின் இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் நடந்து, செல்போனில் படம் பிடித்துக்கொண்டே அம்சத்தின் வாசலுக்கு வந்து சேர்ந்தார்.

"அக்கா, தெரு ரொம்ப நல்லா இருக்கு. முன்னாடி வாய்க்கா, பின்னாடி வயலு. டைரக்டருக்குக் கண்டிப்பா புடிக்கும். கூட்டத்துல நிக்கப் பொம்பளைங்க வேணும். உங்களக் கேட்டா ஆச்சுன்னு சொன்னாங்க."

"என்ன படம் தம்பி?"

"வெளிநாட்டுல இருந்து ஒருத்தர் ஊருக்குத் திரும்பி வர்றாரு. ஊரக் காப்பாத்துறாரு."

"எதுலேருந்து காப்பாத்துறாரு?"

"அதெல்லாம் டைரக்டருக்குத்தான் தெரியுங்கக்கா."

நடவும் களையெடுப்பும் முடிந்து, அறுப்புக்கு இன்னும் நாள் இருந்த சமயம் அது. பெண்களுக்கு வேலை இல்லை. தெருவில் கூடிப் பேசினார்கள். வார்டு உறுப்பினர் நெடுஞ்செழியன், அவர்தான் தெருமுனை டீக்கடைக்காரர், பாதியில் நின்ற மாரியம்மன் கோயில் வேலைக்கு ஒரு தொகை கேட்டு வாங்கிக்கொள்ளலாம் என்றார். யாரும் வேண்டாம் என்று சொல்லவில்லை.

பொங்கலுக்கு முன்பே பனையடிவெளிக்குத் திருவிழா வந்துவிட்டது. லாரிகளும் கேரவன்களும் வந்து நின்றதில் டவுன் பஸ் ஊருக்குள் வராமல் ரோட்டிலேயே திரும்பிப் போனது. ஜெனரேட்டர் வண்டி ஏறியதில் மதகுக் கட்டையின் ஓரம் பெயர்ந்தது. நெடுஞ்செழியன் கடையில் பால் வாங்கி மாளவில்லை. "ரெடி" என்று ஒருவர் கத்தினால் தெருவே மூச்சை அடக்கிக்கொள்ளும். சத்தம் பதிவாகிறது என்று வயலில் ஓடும் மோட்டாரை நிறுத்தச் சொன்னார்கள், மாரியம்மன் கோயில் ஒலிபெருக்கியை நிறுத்தச் சொன்னார்கள். சேவல்களை என்ன செய்வதென்று மட்டும் அவர்களுக்குத் தெரியவில்லை.

முதலில் எல்லாமே வேடிக்கையாகத்தான் இருந்தது. கலை இயக்குநரின் ஆட்கள் வந்து மெத்தை வீடுகளின் முகப்பை மூங்கிலும் தென்னங்கீற்றும் கட்டி மறைத்தார்கள். பெயின்ட் அடித்த சுவரில் சேற்றைக் கரைத்து அப்பினார்கள். ஏன் என்று கேட்டதற்கு, "இப்ப பாத்தா கிராமம் மாதிரி தெரியலைங்க" என்றார்கள்.

எதிர்வீட்டு நாகம்மாள் இடுப்பில் கைவைத்துக்கொண்டு அதைப் பார்த்தாள். "கூரையப் பிரிச்சிட்டு வீடு கட்ட நமக்கு ஒரு தலைமுறை ஆச்சு அம்சம். இவங்க அரை நாள்ல திரும்பக் கட்டிட்டாங்க பாரு."

தெரு சிரித்தது. அம்சமும் சிரித்தாள்.

நாகம்மாளின் பசு அதைவிடப் பெரிய சங்கடத்தை உண்டாக்கியது. அது கொழுகொழுவென்று இருந்தது. வறுமை தெரிய வேண்டும், ஒல்லியான மாடு கிடைக்குமா என்று விசாரித்துக்கொண்டு வந்தார் ஒரு உதவியாளர். வாசலில் ஸ்கூட்டியை நிறுத்திக்கொண்டிருந்த அறிவுமதி திரும்பிப் பார்த்தாள்.

"இத ஒல்லியாக்கணும்னா ரெண்டு மாசம் பட்டினி போடணும் சார். போட்டீங்கன்னா மொத ஆளா நான்தான் உங்க மேல கம்ப்ளைன்ட் குடுப்பேன்."

அவர் வேறு தெருவில் மாடு தேடப் போய்விட்டார்.

அன்று மாலை அம்சம் வயலுக்குப் போய்த் திரும்பியபோது வாசல் பலகை அதன் இடத்தில் இல்லை. கொல்லைப்புறத்தில் சாக்கில் சுற்றிச் சுவரில் சாய்த்து வைத்திருந்தார்கள். படம் முடிந்ததும் மாட்டிவிடுவோம் என்று கீற்றுக் கட்டியவர் சொன்னார். அவளுக்கு என்னவோ செய்தது. சாக்கைப் பிரித்துப் பார்த்தாள், திரும்பச் சுற்றி வைத்தாள். ஒரு வாரந்தானே என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள்.

மறுநாள் இயக்குநருக்கு உதவியாளராக இருந்த பூர்ணிமா என்ற பெண் அம்சத்தைத் தேடி வந்தாள். வயலுக்கு அந்தப் பக்கம் நின்ற ஒருத்தியை அம்சம் கூப்பிட்ட குரல் அவளுக்குப் பிடித்துவிட்டதாம். "ஒரே ஒரு டயலாக்மா. ஹீரோகிட்ட பேசணும். பேசுவீங்களா?" என்று கேட்டாள். அம்சத்துக்கு மகிழ்ச்சி தாங்கவில்லை. செய்தி தெருவைச் சுற்றி வந்து வாய்க்கால் தாண்டி அடுத்த தெருவுக்கும் போனது. சாமிதுரை டீக்கடையில் எல்லோருக்கும் டீ சொன்னார்.

காட்சி எடுக்கும் நாள் காலையில் பெண்களை வரிசையாக உட்கார வைத்து முகத்திலும் கையிலும் கரிய சாயம் பூசினார்கள். இருக்கிற கறுப்பு போதாதா என்று நாகம்மாள் கேட்டாள். மேக்கப்காரர் அவளுக்கு இன்னொரு பூச்சு பூசினார். வீட்டிலிருந்து கட்டி வந்த நல்ல சேலைகளை மாற்றி, கிழித்துச் சாயம்போக வைத்த சேலைகளைக் கொடுத்தார்கள். அம்சம் அன்றைக்கென்று தீபாவளிச் சேலையை எடுத்துக் கட்டியிருந்தாள். அதை மடித்து வைத்துவிட்டுக் கிழிசலைக் கட்டிக்கொண்டாள்.

பிறகு பூர்ணிமா காட்சியை விளக்கினாள். புயலில் பயிர் அழிந்துவிட்டது. ஊர் பட்டினி. கதாநாயகன் லாரியில் அரிசி மூட்டைகளோடு வருகிறான். பெண்கள் முந்தானையை ஏந்தி வரிசையாக நிற்கிறார்கள். அவன் ஆளுக்கொரு படி அள்ளிப் போடுகிறான். அம்சத்தின் முறை வரும்போது, "சாமி, நீங்க இல்லன்னா நாங்க செத்தே போயிருப்போம்" என்று சொல்லி அவன் காலில் விழ வேண்டும்.

அம்சம் கேட்டுக்கொண்டே நின்றாள். முந்தானை என்ற சொல்லைக் கேட்டபோதே அவளுக்குக் காது அடைத்தது போல ஆகிவிட்டது.

பத்தொன்பது வயதில் அவள் மிராசுதார் களத்தில் அறுப்புக்குப் போனாள். அப்போதெல்லாம் கூலி நெல்லை மரக்காலில் அளந்து, தூக்கிப் பிடித்து, பெண்களின் முந்தானையில் கொட்டுவார் பண்ணைக் காரியக்காரர். மற்ற ஊர்களில் போராடி எப்போதோ ஒழித்துவிட்ட வழக்கம் அந்த ஒரு பண்ணையில் மட்டும் ஒட்டிக்கொண்டிருந்தது. ஒருநாள் அம்சம் வீட்டிலிருந்து கூடை கொண்டு போனாள். அவள் முறை வந்தபோது முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு கூடையைத் தரையில் வைத்து, "இதுல அளங்க" என்றாள். அந்த அறுப்பு முழுக்க அவளுக்கு வேலை கிடைக்கவில்லை. அப்பா அவளோடு பேசவில்லை. ஆனால் அடுத்த அறுப்பில் களத்துக்குப் போன பெண்கள் அத்தனை பேர் இடுப்பிலும் கூடை இருந்தது. சாமிதுரை அவளைத்தான் கட்டிக்கொள்வேன் என்று அடம்பிடித்ததும் அந்தக் கூடையால்தான்.

இதையெல்லாம் அவள் யாரிடமும் சொல்லவில்லை. ஒத்திகைக்குக் கூப்பிட்டதும் போய் நின்றாள். கதாநாயகன் எதிரில் வந்து நின்றார். அவள் முந்தானையை ஏந்தவில்லை.

"விழுங்கம்மா" என்றார் இயக்குநர் பரிதி. தாடி நரைத்த மனிதர். கேமராவுக்குப் பின்னால் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார்.

"விழ மாட்டேன் சார்."

அவர் சரியாகக் காதில் விழாததுபோல எழுந்து பக்கத்தில் வந்தார். "நடிப்புதாம்மா. நெஜமா இல்ல. ஒரு நிமிஷம்."

"உங்களுக்கு ஒரு நிமிஷம் சார். படத்துல நான் விழுந்துகிட்டேதான் இருப்பேன். மூஞ்சி என்னுது. வீடு என்னுது. பாக்குறவங்க இந்தத் தெரு இன்னும் இப்படித்தான் இருக்குன்னுதானே நெனப்பாங்க?"

வெயில் ஏறிக்கொண்டிருந்தது. குடை பிடித்தவர்கள், கயிறு பிடித்தவர்கள், சாப்பாட்டுக்காரர்கள் எல்லோரும் பார்த்துக்கொண்டு நின்றார்கள். கிழிந்த துண்டைத் தலையில் கட்டிக்கொண்டு ஆண்கள் வரிசையில் நின்ற சாமிதுரை மெதுவாக அவள் பக்கம் வந்தார்.

"அம்சம், நடிப்புதானே?"

"அப்ப நீங்க விழுவீங்களாங்க?"

  சாமிதுரை தலைத்துண்டை அவிழ்த்து அங்கிருந்த நாற்காலியில் போட்டுவிட்டு வந்து மனைவிக்குப் பக்கத்தில் நின்றுகொண்டார்.

அடுத்து நாகம்மாள் வரிசையை விட்டு வந்தாள். அப்புறம் ஒவ்வொருத்தியாக. யாரும் கூச்சல் போடவில்லை. நேரே மோட்டார் கொட்டகைக்குப் போனார்கள். அதுவரை நிறுத்தி வைத்திருந்த மோட்டாரைப் போட்டு, தொட்டியில் விழும் தண்ணீரில் முகம் கழுவினார்கள். கரிய சாயம் கரைந்து வயலுக்குப் போகும் கன்னி வாய்க்காலில் ஓடியது.

பரிதிக்குக் கோபம் தலைக்கேறிவிட்டது. "இந்தத் தெருதான் ஒலகமா? பக்கத்து ஊர்ல ஆள் கூட்டிட்டு வாங்க" என்று வேன்களை அனுப்பினார். நெடுஞ்செழியனும் அம்சத்தின் வாசலுக்கு வந்து சத்தம் போட்டார்.

"கோயில் வேலை நிக்கப் போவுது. உன் ஒருத்தி ரோசத்துக்குத் தெருவே நட்டப்படணுமா?"

"மாரியம்மனும் யார் கால்லயும் விழச் சொல்லாது மாமா" என்று அம்சம் சொன்னாள். ஆனால் உள்ளே போய் உட்கார்ந்த பிறகு, எல்லோருக்கும் கிடைக்க இருந்த நாலு நாள் கூலியைக் கெடுத்துவிட்டோமோ, பக்கத்து ஊர்ப் பெண்கள் வந்து விழுந்துவிட்டுப் போனால் தெருவில் எப்படித் தலைகாட்டுவது என்றெல்லாம் மனசு அலைந்தது. அறிவுமதி மதியம் வீட்டுக்கு வந்தாள். தெருமுனையிலேயே விஷயம் அவளுக்குத் தெரிந்துவிட்டது. எதுவும் கேட்காமல் தட்டில் சோறு போட்டுக் கொண்டுவந்து அம்மா முன்னால் வைத்தாள்.

"சாப்புடும்மா. மிச்சத்த அப்புறம் பாத்துக்கலாம்."

போன வேன்கள் ஒவ்வொன்றாகத் திரும்பி வந்தன. எல்லாம் காலி. எந்த ஊருக்குப் போனாலும் கொத்து சேர்ப்பவளைத்தான் கேட்க வேண்டியிருந்தது. அவர்களுக்கெல்லாம் அதற்குள் போன் போய்விட்டது. ஆனால் போன் செய்தது அம்சம் இல்லை, நாகம்மாள். நடந்ததை மட்டும் சொல்லி வைத்திருந்தாள். "அம்சம் அக்கா தெருவுல முடியாதுன்னது எங்க தெருவுல மட்டும் எப்படி முடியும்?" என்று ஒரு ஊரில் கேட்டார்களாம். இன்னொரு ஊரில் வேன் டிரைவருக்கு மோர் கொடுத்து அனுப்பியிருந்தார்கள்.

வெயில் தாழ்ந்த பிறகு ஜாஃபர் சாதிக் இயக்குநரையும் பூர்ணிமாவையும் கூட்டிக்கொண்டு அம்சத்தின் வீட்டுக்கு வந்தார். கதாநாயகன் மறுநாள் மதியம் சென்னைக்குப் போயாக வேண்டும். அதற்குள் காட்சி முடிய வேண்டும். அம்சம் நாற்காலி போட்டாள். அறிவுமதி டீ கொண்டுவந்து வைத்தாள்.

"சரிம்மா, விழ வேண்டாம்" என்றார் பரிதி. "கும்பிட்டுட்டு நில்லுங்க போதும்."

"கும்பிட மாட்டோம் சார். முந்தானையும் ஏந்த மாட்டோம்."

"அரிசி கொண்டு வர்றான்ல? வேண்டாங்கிறீங்களா?"

"வேண்டாங்கல. புயல்ல பயிர் போனா அரிசி வேணுந்தான். கஜா புயல்ல எத்தனையோ ஊர்லேருந்து கொண்டாந்து குடுத்தாங்க. வாங்கிக்கிட்டோம், நல்லா இருங்கன்னு சொன்னோம். வாங்குறதுக்கும் கால்ல விழுறதுக்கும் என்ன சார் சம்பந்தம்?"

"அப்ப என்னதான் செய்வீங்க?"

"உள்ள வாங்கன்னு கூப்புடுவேன். இப்ப உங்களுக்குக் குடுத்த மாதிரி ஒரு வாய் டீ குடுப்பேன். மூட்டை எறக்க நானும் ஒரு கை புடிப்பேன்."

பரிதி டீயைக் குடித்தார். அம்சம் நடவுக் கூலி பேசுகிறபோது எப்படி உட்காருவாளோ அப்படித்தான் உட்கார்ந்திருந்தாள். குரலை உயர்த்தவுமில்லை, விட்டுக்கொடுக்கவுமில்லை. சாயம் பூசக் கூடாது, எங்கள் சேலையைத்தான் கட்டுவோம், வீட்டை மூடிய கீற்றை எடுக்க வேண்டும், பலகையை எடுத்த இடத்தில் மாட்ட வேண்டும் என்றாள்.

கீற்று என்றதும் பரிதி நிமிர்ந்தார். "அது முடியாது. ரெண்டு நாளா கூரை வீடாத்தான் எடுத்திருக்கேன்."

அதுவரை பேசாமல் இருந்த பூர்ணிமா வாயைத் திறந்தாள். "சார், புயல் கூரை வீட்டுக்குன்னு பாத்தா வரும்? இவ்வளவு கட்டி எழுப்பினவங்க வயல்ல இருந்ததெல்லாம் போயி நிக்கறாங்கன்னா, பாக்குறவனுக்கு இன்னும் வலிக்காதா?"

பரிதி அவளைப் பார்த்தார். பிறகு வாசலுக்கு எழுந்துபோய்த் தெருவை ஒருமுறை நெடுகப் பார்த்தார். திரும்பி வந்தபோது, "காலைல மொதல் வெளிச்சத்துல எடுத்தாத்தான் மத்ததையும் திரும்ப எடுக்க முடியும். எல்லாரும் வந்துருவீங்களா?" என்று கேட்டார்.

"ஆள் சேர்க்கறத எங்கிட்ட விடுங்க" என்றாள் அம்சம்.

கீற்றைப் பிரிக்கத் தெருவே இறங்கியது. கட்டியவர்களைவிடச் சீக்கிரமாகப் பிரித்தார்கள். ஆண்கள் தண்ணீர் அடித்துச் சேற்றைக் கழுவினார்கள். சாமிதுரை சாக்கிலிருந்து பலகையை எடுத்து, திருகாணிகளைத் தேடிப் பிடித்து, தானே மாட்டினார். டீக்கடையை மூடிவிட்டு வந்த நெடுஞ்செழியன் அவருக்கு ஸ்டூலைப் பிடித்துக்கொண்டார்.

விடிகாலைப் பனி விலகும்போது கேமரா ஓடியது. லாரி வந்து நின்றது. பெண்கள் தங்கள் தங்கள் வாசலில் நின்றார்கள். சிவப்பும் பச்சையும் மஞ்சளுமாகச் சேலைகள். தீபாவளிச் சேலையில் அம்சம் முன்னால் நடந்து வந்தாள். கதாநாயகன் இறங்கினார்.

"வாங்க தம்பி. அவ்வளவு தூரத்துலேருந்து வந்திருக்கீங்க. உள்ள வாங்க, ஒரு வாய் டீ குடிங்க" என்றாள். அதோடு வசனம் முடிந்தது. ஆனால் அவளுக்கு இன்னும் சொல்ல வேண்டும் போல இருந்தது. "வெதநெல்லு கெடைக்கிற எடம் தெரிஞ்சா சொல்லிட்டுப் போங்க. அடுத்த போகத்துக்கு நாங்களே வெளைய வச்சுக்குவோம்."

எழுதிக் கொடுக்காத வசனம் வந்ததும் கதாநாயகன் ஒரு கணம் திகைத்தார். பிறகு தலையாட்டிவிட்டு லாரிப் பக்கம் திரும்பி ஒரு மூட்டையை இழுத்தார். அது நிஜ அரிசி மூட்டை. அவர் தள்ளாடினார். அம்சம் போய் மறுமுனையைப் பிடித்தாள். "இடுப்ப வளைக்காதீங்க, முட்டிய மடக்குங்க" என்றாள். பின்னால் நின்ற பெண்கள் சிரித்துவிட்டார்கள், கதாநாயகனும் சிரித்துவிட்டார். இருவரும் மூட்டையைத் தூக்கிக்கொண்டு வாசற்படி ஏறினார்கள். பரிதி நிறுத்தச் சொல்லவே இல்லை. அவர்கள் உள்ளே போய் மறைந்த பிறகுதான் "கட்" என்றார். கயிறு பிடித்தவரிலிருந்து சாப்பாட்டுக்காரர் வரை கைதட்டினார்கள்.

ஆவணியில் படம் வந்தது. தெரு மொத்தமும் வேன் பிடித்துத் திருத்துறைப்பூண்டிக்குப் பகல் காட்சிக்குப் போனார்கள். கதாநாயகன் வந்தபோது விசில் பறந்தது, சண்டை போட்டபோது பறந்தது. அந்த லாரி காட்சி வந்தபோது கொட்டகை அமைதியாகிவிட்டது.  அம்சம் திரையைப் பார்க்கவில்லை, முன்னால் உட்கார்ந்திருந்த முகம் தெரியாத தலைகளைப் பார்த்துக்கொண்டிருந்தாள். 'அடுத்த போகத்துக்கு நாங்களே வெளைய வச்சுக்குவோம்' என்று அவள் குரல் கொட்டகை நிறையக் கேட்டதும், எங்கிருந்தோ ஒரு பெண்கள் கூட்டம் கைதட்டியது. அது பின்வரிசைக்குப் பரவியது, பால்கனிக்குப் போனது. கதாநாயகனுக்கு அடித்ததைவிடப் பெரிய கைதட்டல். சாமிதுரை இருட்டில் அவள் கையைத் தேடிப் பிடித்துக்கொண்டார்.

"என் மாடும் வந்துச்சு, பாத்தீங்களா?" என்று நாகம்மாள் பக்கத்தில் இருந்தவர்களிடமெல்லாம் கேட்டாள். பசு கொழுகொழுவென்று திரை முழுக்க நடந்து போயிருந்தது.

வெளியே வந்ததும் முன்பின் தெரியாத பெண்கள் அம்சத்தைச் சூழ்ந்துகொண்டார்கள். பக்கத்து ஊரான மணலியிலிருந்து வந்த ஒருத்தி, "நீங்க பேசுனது எங்க வீட்ல பேசுன மாதிரி இருந்துச்சு" என்று சொல்லி அவள் கன்னத்தைத் தொட்டாள். அம்சத்துக்கு அப்போதுதான் அழுகை வந்தது.

அதற்குப் பிறகு கடைமடைக்கு வரும் படக் குழுக்களிடம் ஜாஃபர் சாதிக்கே முதலில் சொல்லிவிடுகிறார். முகத்துக்குச் சாயம் கிடையாது. வீட்டை மறைக்கக் கூடாது. மதகைப் பெயர்த்தால் கட்டிக் கொடுத்துவிட்டுத்தான் போக வேண்டும். ஒப்புக்கொள்பவர்கள் வருகிறார்கள், ஒப்பாதவர்கள் வேறு இடம் தேடுகிறார்கள். வேறு இடம் கிடைப்பதும் இப்போது அவ்வளவு சுலபமாக இல்லை. கொத்து சேர்க்கும் பெண்கள் எல்லா ஊரிலும் நடவுக் கூலி பேசுவது போலவே இதையும் ஒரே மாதிரி பேசுகிறார்கள். சென்ற வருஷம் ஒரு குழு பனையடிவெளிக்கு வந்தது. புது இயக்குநர் கோயில் வாசலில் நின்றுகொண்டு கூட்டத்துக்கு எத்தனை பேர் கிடைப்பார்கள் என்று விசாரித்தார். அம்சம் வயலிலிருந்து கால் கழுவிக்கொண்டு வந்து எதிரில் உட்கார்ந்தாள்.

"ஆள் எத்தன வேணும்னாலும் வரும் சார்" என்றாள். "மொதல்ல கதையச் சொல்லுங்க."